ஸ்பீக்கருக்கு முன் கதவு

காரில் நல்ல ஒலி வேண்டும் என்று முடிவெடுத்தவர் முதலில் போய் நிற்பது கடையின் டெமோ பலகை முன்னால். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஆனாலும் சொந்த ஊர் ஆனாலும் பெரிய கடைகளில் சுவரோடு ஒரு கனத்த பலகை இருக்கும். அதில் வரிசையாகத் துளை போட்டு, சில ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கரிலிருந்து லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வரை பதித்திருப்பார்கள். பொத்தானை அழுத்த அழுத்த ஒன்று மாற்றி ஒன்று பாடும். விலை ஏற ஏற ஒலியும் தெளிவதாகத் தோன்றும். கேட்பவர் தன் பட்ஜெட்டைத் தாண்டி ஒரு படி மேலே போய் வாங்கிவிடுவார். அதே ஸ்பீக்கர் வண்டிக்குள் போனதும் பாஸ் மெலிகிறது, குரல் அடைத்துக்கொள்கிறது, சத்தத்தைக் கூட்டினால் கதவு கடகடக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. கடையில் கேட்டது ஸ்பீக்கரும் பலகையும் சேர்ந்து எழுப்பிய ஒலி. வண்டியில் அந்தப் பலகையின் வேலை கதவுக்கு வந்துவிடுகிறது. கதவைச் சரிசெய்யாமல் உயர்ரக ஸ்பீக்கரில் போடும் பணத்தில் பெரும்பகுதி வீண் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். முதலில் கதவு, அடுத்து ஸ்பீக்கர் அமரும் இடம், பிறகு சிக்னலைச் சீராக்கும் கருவி. ஸ்பீக்கரின் விலை அதற்குப் பிறகுதான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஒரே கூம்பிலிருந்து நேரெதிரான இரண்டு அலைகள் கிளம்புகின்றன. உயர்ந்த அதிர்வெண்களில் இது பெரிய தொல்லை இல்லை. அங்கே அலைநீளம் சிறியது. ஸ்பீக்கரின் உடம்பே பின் அலையை மறைத்துவிடும். ஆனால் 80 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். அந்த அலைக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு தடையே அல்ல. பின் அலை சுற்றி வந்து முன் அலையோடு கலக்கிறது, இரண்டும் அழிகின்றன. ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்துப் பாடவைத்தால் பாஸ் கேட்காமல் போவது இதனால்தான். பெட்டி கட்டுவதே இந்த இரண்டு அலைகளையும் பிரித்துவைக்கத்தான். வீட்டு ஸ்பீக்கர் வாங்குபவருக்குப் பெட்டி கூடவே வருகிறது, அதை வடிவமைத்தவரே கட்டி, அளந்து, மூடி அனுப்புகிறார். கார் ஸ்பீக்கர் வாங்குபவர் கையில் கிடைப்பது கூம்பும் காந்தமும் மட்டும். பாதி ஸ்பீக்கரைத்தான் வாங்கியிருக்கிறார். மீதிப் பாதியை ஃபிட்டர் கதவுக்குள் கட்டித் தரவேண்டும்.

அந்தக் கதவு எப்படிப்பட்ட பெட்டி என்று பாருங்கள். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம். உட்பக்கச் சட்டத்தில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரைப் பொருத்துவதற்காகக் கை நுழையும் அளவுக்குத் துளைகள், அவற்றின் மேல் ஒரு பாலித்தீன் தாள். மழை நீர் கண்ணாடியோரமாக உள்ளே இறங்கி அடியிலுள்ள துவாரங்கள் வழியாக வெளியேறும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆறரை அங்குல ஸ்பீக்கரின் கூம்புப் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர். ஒரு மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கதவுத் தகட்டின் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர், அதாவது கூம்பைப்போல் 46 மடங்கு. கூம்பு 3 மில்லிமீட்டர் நகரும்போது தகடு முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு அசைந்தாலே கூம்பு தள்ளிய அளவு காற்றைத் தகடும் தள்ளிவிடும். உண்மையில் தகடு ஒரே சீராக அசைவதில்லை. ஓரிடம் முன்னே போகும்போது இன்னோரிடம் பின்னே வரும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அதிர்வுகூட எவ்வளவு பெரிய ஒலியாகும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். வீணையின் குடம் அதிர்ந்தால்தான் வீணைக்குக் குரல். ஸ்பீக்கரின் பெட்டி அதிர்ந்தால் ஒலிப்பதிவில் ஏற்கெனவே அடங்கியிருக்கும் அந்தக் குடத்தின் குரல்மேல் தகரத்தின் குரலும் ஏறிக்கொள்ளும்.

அப்படியானால் உயர்ரக ஸ்பீக்கரை உருவாக்குபவர்கள் எதற்காக அத்தனை உழைக்கிறார்கள்? அவர்கள் உழைப்பு உண்மையானது, அதற்கு மரியாதை தரவேண்டும். இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை, 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்ட அசையும் சுருள் வடிவமைப்பு. எந்த ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் எப்படிப் பாடும் என்று முன்கூட்டியே கணக்கிடும் வழியை 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் முன்வைத்தார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று அச்சிட்டிருப்பது இவர்கள் இருவர் பெயராலும் வழங்கும் அளவுகள்தான். கூம்பு அதிக தூரம் நகரும்போது காந்தப் புலமும் விளிம்பின் இழுவிசையும் எங்கே சீர்குலைகின்றன என்பதை இன்று லேசர் கொண்டு அளக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள கிளிப்பெல் நிறுவனத்தின் கருவிகள் இதற்குப் பெயர்பெற்றவை. உயர்ரக ஸ்பீக்கரின் விலையில் ஒரு பகுதி, அப்படி அளந்து அளந்து காந்தத்தையும் சுருளையும் திருத்திய உழைப்புக்குப் போகிறது. வெப்பம் இன்னொரு பிரச்சினை. ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்சக்தியில் ஒலியாவது ஒரு சதவீதத்தை ஒட்டியே, மற்றதெல்லாம் சுருளைச் சூடாக்குகிறது. செம்புச் சுருள் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை 39 சதவீதம் உயரும், ஒலி 3 டெசிபல் வரை விழும். ஆம்ப்ளிஃபயரின் சக்தியில் பாதி போனதற்கு அது சமம். பெரிய விட்டமுள்ள சுருளும் காற்றோட்டமுள்ள சட்டமும் இந்த இழப்பைக் குறைக்கின்றன. சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டியில் ஏறியவுடன் பாட்டுப் போடும் நம் ஊரில் இது சின்ன நன்மை அல்ல.

கூம்பு என்ன பொருளால் ஆனது என்பதற்கு விளம்பரங்கள் தரும் முக்கியத்துவத்தை நான் தருவதில்லை. பிரான்சின் ஃபோக்கல் தன் உச்ச வரிசை ட்வீட்டருக்குப் பெரிலியத்தைத் தேர்ந்தெடுத்தது. டென்மார்க்கின் டைனாடியோ மென்மையான துணிக் குவிமாடத்தில் உறுதியாக நின்றது. நேரெதிரான இரண்டு வழிகள், இரண்டுக்கும் உலகமெங்கும் மதிப்பு. ஆக, பொருள் அல்ல, அதைக் கையாளும் பொறியியல்தான் பேசுகிறது. அந்தப் பொறியியல் எதுவாக இருந்தாலும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஸ்பீக்கர் பதிக்கப்படும் பரப்பு அசையாது, காற்றுக் கசியாது. பாலித்தீன் தாள் ஒட்டிய கதவு இரண்டையும் உடைத்துவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், நல்ல ஸ்பீக்கர் எங்கே வைத்தாலும் நல்ல ஸ்பீக்கர்தானே, காதால் கேட்டுத்தானே வாங்குகிறோம் என்று கேட்பார்கள். இதற்குச் சோதனை செய்து பார்த்தவர்கள் உண்டு. ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களை ஒரு முறை பார்வையில் வைத்தும் இன்னொரு முறை திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்கச் செய்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது மதிப்பெண்ணைத் தீர்மானித்தது அது எந்த ஸ்பீக்கர் என்ற அறிவு. திரைக்குப் பின்னால் போனதும் நிலைமை மாறியது: ஸ்பீக்கர் அறையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கேட்டவர்களின் காது கவனிக்கத் தொடங்கியது. வசதியான ஓர் அறைக்குள்ளேயே இடம் இவ்வளவு மாற்றம் செய்யுமானால், முழங்காலுக்கு அருகே, ஒரு தகரக் கூட்டுக்குள் அடைத்த ஸ்பீக்கரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இனி கதவு வேலை. டோர் பேடைக் கழற்றி, பாலித்தீன் தாளை உரித்து, அதன் ஒட்டுப்பசையை மிச்சமின்றித் துடைத்தெடுக்கவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருக்கும் தகட்டில் எந்த டேம்பிங் ஷீட்டும் நிற்காது. வெளித்தகட்டின் உள்முகத்தில் அலுமினியத் தாளோடு வரும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டி, உருளையால் நன்றாக அழுத்தித் தேய்க்கவேண்டும். தகடு வளையும்போது நடுவிலிருக்கும் பியூட்டைல் இழுபட்டு அதிர்வை வெப்பமாக்கி அழிக்கிறது. வேலையே அந்த இழுபடுதலில்தான் நடக்கிறது, எடையில் அல்ல. அதனால் தகட்டை மூலைமுடுக்கெல்லாம் மூடவேண்டியதில்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதிகளைப் பார்த்து, பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். விரலால் தட்டிப் பாருங்கள்: நீண்டு ஒலித்த தகடு ‘டக்’ என்று உடனே அடங்கவேண்டும். விலை குறைவு என்று கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டை வாங்காதீர்கள். வெயிலில் நிற்கும் கதவில் அது இளகி வழியும், வண்டிக்குள் நாற்றம் ஏறும், கண்ணாடி இறங்கும் பாதையில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

அடுத்தது உட்பக்கச் சட்டத்தின் துளைகள். பெரும்பாலான ஃபிட்டர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், ஆனால் பாஸுக்கு இதுதான் உயிர். பெரிய துளைகளை வெறும் டேம்பிங் ஷீட்டால் மூடினால் அது தோல்போல் உப்பி உப்பி அசையும். அளவெடுத்து வெட்டிய அலுமினியத் தகட்டையோ கெட்டியான பிளாஸ்டிக் தகட்டையோ ரப்பர் விளிம்போடு வைத்துத் திருகால் முடுக்கவேண்டும். பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டால், நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானால் எல்லாவற்றையும் கிழிக்கவேண்டி வரும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம் எம்டிஎஃப் மரத்தில் வேண்டாம். கதவின் உட்புறம் ஈரமான இடம், ஒரு மழைக்காலத்திலேயே அது ஊதிவிடும். அக்ரிலிக், அலுமினியம், கெட்டியான ஹெச்டிபிஇ இவற்றில் ஒன்று போதும். வளையத்துக்கும் கதவுக்கும் இடையே காற்றுப் புகாத ரப்பர்; ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் டோர் பேடின் வலைக்கும் இடையே நுரை வளையம். இந்த நுரை வளையத்தை விட்டுவிட்டால் முன் அலையில் ஒரு பங்கு டோர் பேடுக்குப் பின்னால் போய்க் கிளிப்புகளையும் வயர்களையும் ஆட்டும். பலர் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைக்கும் சத்தம் பல நேரம் அதுதான். கண்ணாடியை முழுக்க இறக்கிவைத்துக் காந்தத்தின் ஆழத்தை அளந்த பிறகே ஸ்பீக்கரை உட்காரவையுங்கள். அடித் துவாரங்களை எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது. அடைத்தால் கதவு தண்ணீர்த் தொட்டியாகித் துருப்பிடிக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சில வண்டிகளில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் கதவுக்குள் இருக்கிறது. மோதலில் கதவுக்குள் காற்றழுத்தம் சட்டென்று ஏறுவதை வைத்து அது ஏர்பேகைத் திறக்கச் சொல்கிறது. அத்தகைய வண்டியில் புதிதாகத் துளை போடுவதும் இருக்கும் துளைகளை மாற்றுவதும் நிறுவனத்தின் சர்வீஸ் குறிப்பைப் பார்க்காமல் செய்யக்கூடாத காரியங்கள். முன் கண்ணாடியோரத் தூணுக்குள் திரை ஏர்பேக் சுருண்டிருந்தால் அந்தத் தூணில் ட்வீட்டர் பதிக்கவே கூடாது. விபத்தில் அந்த ட்வீட்டர் எங்கே பாயும் என்று யாராலும் உத்தரவாதம் தரமுடியாது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின் வயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். அது ஆம்ப்ளிஃபயரைக் காக்க அல்ல, வயர் உரசித் தீப்பிடிக்காமல் வண்டியைக் காக்க.

கதவு முடிந்தால் அடுத்தது இடம். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் ஓட்டுநரின் காதுக்கும் வலக்கதவு ஸ்பீக்கருக்கும் இருக்கும் தூரத்தைவிட இடக்கதவு ஸ்பீக்கருக்கான தூரம் அரை மீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது; அரை மீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை மில்லி விநாடி ஆகும். ஓர் ஒலி தலையின் ஒரு பக்கத்திலிருந்து வரும்போதுகூட இரண்டு காதுகளுக்கும் இடையே விழும் கால வேறுபாடு அதிகபட்சம் 0.7 மில்லி விநாடியை ஒட்டியே. ஒன்றரை மில்லி விநாடி முந்தி வரும் பக்கத்துக்கே மூளை முழு உரிமையையும் கொடுத்துவிடுகிறது. பாடகர் வலக்கதவில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அருகிலுள்ள ஸ்பீக்கரைத் தேவையான அளவு தாமதப்படுத்தும் டிஎஸ்பி கருவி இதைச் சரிசெய்கிறது. ஒரு இருக்கைக்குத்தானே, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. தனியாக ஓட்டும்போது ஒன்று, குடும்பத்தோடு போகும்போது இருபுறமும் சமமாக இன்னொன்று என்று இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் துல்லியம் என்று யாராவது சொன்னால், இரண்டே ஸ்பீக்கர்களோடு அது நடக்காது.

ஸ்பீக்கரின் தரம் உண்மையிலேயே பலன் தரும் இடமும் இங்கேதான் வருகிறது. ஆறரை அங்குலக் கூம்பின் பயனுள்ள விட்டம் 13 சென்டிமீட்டர். அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கும் 2,600 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி அகலமாகப் பரவாமல் நேர்முன்னால் குவியத் தொடங்கும். முழங்காலை நோக்கிப் பாடும் ஸ்பீக்கரின் பக்கவாட்டில்தான் உங்கள் காது இருக்கிறது. ஆகவே 2,500 ஹெர்ட்ஸுக்கு முன்பே பொறுப்பை ட்வீட்டரிடம் ஒப்படைக்கவேண்டும். மலிவான ட்வீட்டர் அவ்வளவு கீழே இறங்கினால் திணறும், கிறீச்சிடும். தாழ்ந்த ஒத்ததிர்வும் வலுவான சுருளும் உள்ள ட்வீட்டர் அல்லது கண்ணாடி முக்கோணத்தில் வைக்கும் 3 அங்குல மிட்ரேஞ்ச் இந்த வேலையைச் சிரமமின்றிச் செய்யும். பட்ஜெட்டில் ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் தொகையில் பெரும்பங்கை நான் இதற்கே தருவேன்.

டிஎஸ்பி இருக்கிறதே, எல்லாக் குறையையும் அதிலேயே திருத்திவிடலாமே என்பது இன்று கடைகளில் அதிகம் கேட்கும் வாதம். பாதி உண்மை. அளவீட்டு மைக்கை ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்தில் ஐந்தாறு புள்ளிகளில் வைத்து, இலவசமாகக் கிடைக்கும் ரூம் இக்யூ விசார்ட் போன்ற மென்பொருளில் அளந்து, மேடுகளைத் தட்டினால் வியக்கத்தக்க மாற்றம் வரும். ஆனால் முன் அலையும் பின் அலையும் மோதி அழியும் பள்ளத்தை மேலே தூக்க முயன்றால் இரண்டு அலைகளும் சேர்ந்தே வளரும். பள்ளம் அப்படியே இருக்கும். 10 டெசிபல் தூக்கினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தரவேண்டும், சுருள் அத்தனையும் தாங்கவேண்டும். கடகடக்கும் கதவைப் பொறுத்தவரை, அந்தச் சத்தம் சிக்னலில் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை எந்தக் கணிப்பொறியும் கழிக்காது.

ஓடும் வண்டியின் இரைச்சலில் இந்த நுணுக்கமெல்லாம் யாருக்குக் கேட்கும் என்பது வலுவான ஆட்சேபம். டயரும் சாலையும் எழுப்பும் இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி, தவிலின் கனம், பேஸ் கிட்டாரின் அடிக்குரல் இவையெல்லாம் முதலில் மூழ்குவது அதில்தான். ஆகவே இந்த ஆட்சேபம் என் வாதத்தைப் பலப்படுத்துகிறது: பாஸைக் கசியவிடும் கதவு, இரைச்சல் ஏற்கெனவே தின்ற பகுதியை மறுபடியும் தின்கிறது. வாகன நிறுவனங்கள் இதை எப்போதோ உணர்ந்தன. 1983 மாடல் கேடிலாக் செவில் முதலான கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸும் போஸும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு, குறிப்பிட்ட அந்தக் காரின் உட்புறத்தை அளந்து அதற்கேற்ப ஒலியைச் சரிசெய்தது. தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் நல்ல அமைப்புகள் எளிய ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டே சமாளிப்பது இந்த அளவீட்டால்தான்.

சக்தி விஷயத்தில் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ‘4 x 50 வாட்’ என்று போட்ட செட்டில் 14.4 வோல்ட்டின் வர்க்கத்தை 4 ஓம்மால் வகுத்தால் 52 வரும். அது முழுக்கச் சிதைந்த சதுர அலையின் கணக்கு. சுத்தமாகக் கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டியே. உயர்ரக ஸ்பீக்கரை நேரடியாகச் செட்டில் இணைப்பது அதைப் பட்டினி போடுவதாகும். தனி ஆம்ப்ளிஃபயர், அலுமினியத்தில் செம்பு பூசியது அல்லாத முழுச்செம்பு வயர், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் குட்டையான எர்த் இணைப்பு ஆகிய மூன்றும் தேவை.

ஒதுக்கும் நூறு ரூபாயில் இருபதைக் கதவுக்கும், நாற்பதை ஆம்ப்ளிஃபயர், டிஎஸ்பி, அளவீட்டுக் கூலி இவற்றுக்கும், மீதி நாற்பதை ஸ்பீக்கருக்கும் வைப்பது என் பரிந்துரை. பணம் போதவில்லை என்றால் ஸ்பீக்கரில் ஒரு படி இறங்குங்கள், கதவில் இறங்காதீர்கள். ஸ்பீக்கரை ஓராண்டு கழித்து அதே வளையத்தில் மாற்றிக்கொள்ளலாம்; செய்த கதவு வேலை அடுத்த ஸ்பீக்கருக்கும் பயன்படும். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது டெமோ பலகை முன்னால் நிற்பதற்கு முன், அவர்கள் வேலை முடித்துக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் டோர் பேடைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துளைகள் எதனால் மூடப்பட்டிருக்கின்றன, வளையம் எந்தப் பொருளில் இருக்கிறது, அடித் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். காட்டத் தயங்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.